ஓப்பன்-பேக் ஹெட்போன்: முதல் வாரமும் மூன்றாம் ஆண்டும்

ஓப்பன்-பேக் ஹெட்போன் அறிமுகங்கள் பெரும்பாலும் முதல் வாரத்து வியப்போடு நின்றுவிடுகின்றன. ஒலி அகலமாக விரிகிறது, குரல் தலைக்குள் அடைபடாமல் சற்று எதிரில் நிற்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் ஒரு ஹெட்போன் மேசையில் தங்குமா, அலமாரிக்குப் போகுமா என்பதை முடிவு செய்பவை வேறு. இரண்டு மணி நேரம் கழித்துக் காது சலிக்கிறதா? உச்சந்தலை வலிக்கிறதா? காது மெத்தை நைந்தால் வேறு போட முடியுமா? வயர் போனால் நாமே மாற்றலாமா? குறைந்த, நடுத்தர விலையில் பல ஆண்டுகளாகப் புழங்கும் சில மாடல்களை இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்கலாம்.

மாடலைத் தேடும் முன் அறையைக் கவனியுங்கள். ஓப்பன்-பேக்கில் ஒலி எழுப்பும் பகுதியான டிரைவருக்குப் பின்னால் அடைப்பு கிடையாது, வலை மட்டும்தான். உள்ளே ஒலிப்பது வெளியே போகும். மின்விசிறியும் கீபோர்டும் பக்கத்து அறைப் பேச்சும் அப்படியே உள்ளே வரும். சத்தமான அறையில் கை தானாக வால்யூமை ஏற்றிவிடும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபல்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம், சிறுவர்களுக்கு 75. அந்த எல்லைக்குள் கேட்க முடியாத அறையென்றால் பின்புறம் அடைத்த குளோஸ்டு-பேக் வாங்குவதே சரி.

அடுத்தது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலிகள். டயாஃப்ரம், அதாவது டிரைவரில் அதிரும் மெல்லிய படலம், முன்னால் தள்ளும் அலையும் பின்னால் தள்ளும் அலையும் எதிரெதிர்க் கட்டத்தில் இருக்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் இரண்டும் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அதனால்தான் சுருள் ஒன்று படலத்தை அசைக்கும் சாதாரண டைனமிக் டிரைவர் கொண்ட ஓப்பன்-பேக்கில் சுமார் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சரியத் தொடங்குகிறது. படலம் முழுவதும் ஒரே சீராக அசையும் பிளானர் வகை இன்னும் ஆழம் போகும். வெடிச்சத்தம் நெஞ்சில் அறைய வேண்டும் என்று எதிர்பார்த்து வாங்குபவருக்கு ஏமாற்றம் நிச்சயம். பதிலாகக் கிடைப்பது காற்றோட்டம். மூன்று மணி நேர ஆட்டத்துக்குப் பிறகும் காது புழுங்காமல் இருப்பது, நீண்ட காலத்தில் ஒலியகலத்தைவிடப் பெரிய லாபமாகத் தெரியும்.

பிலிப்ஸ் எஸ்ஹெச்பி 9500: 50 மில்லிமீட்டர் டிரைவர், 32 ஓம் மின்மறுப்பு. போனிலோ கேம் கன்ட்ரோலரிலோ நேரடியாகச் செருகினாலே போதும். பிடிப்பு தளர்வு, கண்ணாடி அணிபவர்களுக்கு இதம். குனிந்தால் மட்டும் நழுவும். கப்பில் இருப்பது சாதாரண 3.5 மில்லிமீட்டர் துளை என்பதால் எந்த வயரையும் போடலாம், வி-மோடா பூம்ப்ரோ போன்ற மைக் வயரையும் அதிலேயே செருகலாம். குறை இரண்டாம் ஆண்டுவாக்கில் தெரியவரும். இதன் மெத்தை கழற்றி மாட்டும்படி செய்யப்பட்டதல்ல. அது தட்டையானதும் காது டிரைவர் துணியில் உரசும், உச்ச ஒலிகள் கூர்மையாகும். பிய்த்தெடுத்து வேறு மெத்தை ஒட்டுபவர்கள் உண்டு. முடியாத வேலையில்லை, ஆனால் பொறுமை வேண்டும்.

சென்ஹைசர் ஹெச்டி 560எஸ்: 2020-இல் வந்தது. 120 ஓம், 240 கிராம், காதை நோக்கிச் சாய்த்து வைத்த டிரைவர். இசை, ஆட்டம் இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். குரல் இயல்பாக இருக்கும், பேஸ் இந்த விலை ஓப்பன்-பேக்குகளில் நன்றாகவே ஆழம் போகும், இடவலத் துல்லியம் சிறப்பு. மேல்நடுப் பகுதி கொஞ்சம் முன்னால் நிற்பதால், மோசமாகப் பதிவான பாடலில் 'ஸ', 'ஷ' ஒலிகள் குத்தும். தொடக்கத்தில் பிடிப்பு இறுக்கம். தலையைவிடச் சற்றே அகலமான புத்தக அடுக்கில் இரண்டு இரவு மாட்டிவையுங்கள், போதும். கையால் வளைக்காதீர்கள், பட்டை பிளாஸ்டிக். வயரைக் கழற்றலாம் என்றாலும் கப்பில் இருப்பது திருகிப் பூட்டும் 2.5 மில்லிமீட்டர் துளை; மேலே சொன்ன மைக் வயர் பொருந்தாது. கூடவே வரும் 3 மீட்டர் வயரின் முனை 6.3 மில்லிமீட்டர். அதில் அடாப்டரை மாட்டி லேப்டாப்பில் செருகினால் அந்தக் கனமே துளையை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். 3.5 முனையுள்ள குட்டை வயர் ஒன்றை முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோ, 250 ஓம்: முதல் நாள் மயக்கும். 8,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மேடு ஒவ்வொரு சிம்பல் தட்டையும் கண்ணாடித் துண்டுபோல ஒளிரவைக்கும். அதே மேடுதான் மூன்றாம் வாரத்தில் வால்யூமைக் குறைக்க வைக்கும். ஈக்வலைசர் (ஒலியின் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) போடத் தயாரென்றால் அருமையான பொருள். உறுதியான கட்டு, மென்மையான மெத்தை, உதிரிபாகமும் கிடைக்கும். ஈக்வலைசரே வேண்டாம் என்பவருக்கு நான் சொல்லமாட்டேன். சுருள் வயர் கப்போடு நிலையாக இணைந்தது. இடப்பக்கம் அது நுழையும் இடத்தில் உள்ளே அறுந்தால் சால்டரிங் தெரிந்த ஒருவரைத் தேட வேண்டும்.

ஹைஃபைமேன் ஹெச்இ 400எஸ்இ பிளானர். பேஸ் சரியாமல் நேராக இறங்கும், பல வாத்தியங்கள் ஒன்றாக ஒலிக்கும்போது கலங்காது. எடைதான் விலை: ஏறக்குறைய 390 கிராம். ஒரு ஆல்பம் கேட்கப் பிரச்சினையில்லை. நான்கு மணி நேர ஆட்டத்தில் கழுத்து சொல்லிவிடும். ஆடியோ-டெக்னிகா ஏடி 700எக்ஸ் நேரெதிர். பேஸ் மெலிவு என்பதால் காலடி தனித்துக் கேட்கும், பாட்டு வற்றிப்போனதுபோல இருக்கும். அதன் இறக்கைகள் சிறிய தலையில் நிற்காமல் சரியும். இரண்டையும் ஒரு ரப்பர் பேண்டால் இணைத்தால் நிற்கும். ஏகேஜி கே 702 அகலத்தில் இவற்றுக்குச் சளைத்ததல்ல, ஆனால் 62 ஓம் என்பதை வைத்து எளிதில் இயங்கும் என்று நினைத்தால் தவறு.

அந்தத் தவறு பரவலானது என்பதால் கணக்கைப் போட்டே பார்க்கலாம். ஓம் மட்டும் எதையும் சொல்லாது. உணர்திறனையும், அதாவது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் வரும் என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 வோல்ட் கொடுத்தால் ஹெச்டி 560எஸ் 110 டெசிபல் தருகிறது, கே 702 105 டெசிபல். டிடி 990-க்கு ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல். 250 ஓமில் 1 வோல்ட் என்பது 4 மில்லிவாட், ஆக 102. ஹெச்இ 400எஸ்இ-க்கு மில்லிவாட்டுக்கு 91தான், ஆனால் 25 ஓமில் அதே 1 வோல்ட் 40 மில்லிவாட் ஆகிவிடுவதால் 107 வரும். அதற்கு 40 மில்லிஆம்பியர் மின்னோட்டம் வேண்டும். வலுவில்லாத போன் ஜாக் அங்கே திணறும்.

1 வோல்ட் தரும் சின்ன யூஎஸ்பி-சி டாங்கிள் (போனில் செருகி ஹெட்போன் மாட்டும் சிறு கருவி) போதுமா? உச்சத்தைவிட இசையின் சராசரி 15 டெசிபல் கீழே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஈக்வலைசருக்கு ஒரு 6 விட வேண்டும். டிடி 990-இல் மிஞ்சுவது 81. அன்றாடப் பாடலுக்குப் போதும். தாழ்வாகப் பதிவான செவ்வியல் இசைக்கும் படத்துக்கும் போதாது. 2 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) இன்னொரு 6 டெசிபல் கூட்டும். ஹெச்டி 560எஸ், எஸ்ஹெச்பி 9500 இரண்டுக்கும் தனி ஆம்ப் வாங்கும் பணத்தை மெத்தைக்கும் வயருக்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

ஆம்ப் தேவைப்படாத இடத்திலும் ஜாக் முக்கியம். கணினியின் முன்பக்கத் துளைக்குப் போகும் உள்வயர் பல கேபினெட்டுகளில் சரியாக மறைப்பு செய்யப்படாதது. மவுஸை நகர்த்தினால் கீச்சென்று கேட்பது அதனால்தான். பின்பக்கத் துளையையோ யூஎஸ்பி டாங்கிளையோ பயன்படுத்துங்கள். வெளியீட்டு மின்மறுப்பு அதிகமான ஜாக்கில் டைனமிக் ஹெட்போனின் பேஸ் ஊதிக்கொள்ளும், ஏனெனில் அதன் ஓம் பேஸ் பகுதியில் மேலேறுகிறது. ஹெட்போன் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குக் கீழே ஜாக்கின் மின்மறுப்பு இருந்தால் கவலையில்லை. பிளானருக்கு இந்தத் தொல்லை கிடையாது.

ஆட்டத்தில் திசை தெரியாமல் குழம்புவதற்குப் பல சமயம் ஹெட்போன் காரணமல்ல. ஒலி வரும் திசையை உணர்த்தும் இரண்டு இட ஒலிச் செயலாக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டம் தானே காது வடிவத்துக்கேற்பத் திசையைக் கணக்கிட்டு இரண்டு சேனலாகத் தருகிறது. அதன்மேல் விண்டோஸின் இட ஒலி வசதியான விண்டோஸ் சோனிக்கையும் ஓட்டினால் முன்-பின் வேறுபாடு கரைந்துபோகும். ஆட்டத்துக்குள் அந்த வசதி இருந்தால் அதை மட்டும் வைத்து விண்டோஸில் ஸ்டீரியோ ஆக்குங்கள். இல்லாத ஆட்டத்துக்கு மட்டும் விண்டோஸ் பக்கம் போடுங்கள். பிளேஸ்டேஷன் 5-இன் 3டி ஒலி, கன்ட்ரோலரில் செருகும் எந்தச் சாதாரண ஹெட்போனிலும் வேலை செய்யும். இன்னொன்று, கனத்த பேஸ் தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைக்கும். காலடி கேட்கவில்லையென்றால் வால்யூமை ஏற்றாமல் பேஸை 3 டெசிபல் இறக்கிப் பாருங்கள்.

மைக்கைப் பற்றி வாங்கும் முன்பே யோசியுங்கள். வலை வழியே கசியும் ஒலி மைக்கில் ஏறி, எதிர்முனையில் இருப்பவர்களுக்கு அவர்கள் குரலே எதிரொலியாகத் திரும்பும். கார்டியாய்டு மைக்கின் (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் வகை) முன்பக்கம் வாயை நோக்கி இருக்கட்டும், வாயிலிருந்து ஒரு சாண் தூரம், பட்டனை அழுத்தினால் மட்டும் பேசும் அமைப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் போதும்.

விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருள் இலவசம். ஏறக்குறைய எல்லாருக்கும் பொருந்தும் தொடக்கம்: 105 ஹெர்ட்ஸில் லோ-ஷெல்ஃப் (அதற்குக் கீழுள்ள ஒலிகளை மொத்தமாக ஏற்றுவது), கூடுதல் 4 டெசிபல், க்யூ (மாற்றத்தின் கூர்மை) 0.7, மறக்காமல் மொத்த ஒலியளவைக் குறைக்கும் ப்ரீஆம்ப்பை மைனஸ் 5-இல் வையுங்கள், இல்லாவிட்டால் உரத்த இடங்கள் நொறுங்கும். 6 டெசிபலுக்கு மேல் பேஸ் ஏற்றினால் சின்ன டயாஃப்ரம் எல்லையில் மோதிக் கடகடக்கும். டிடி 990-இன் மேடு ஒவ்வொரு காதிலும் கொஞ்சம் இடம் மாறும். ஆகவே தாழ்ந்த வால்யூமில் 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஒற்றைச் சுரத்தை மெதுவாக ஏற்றி, எங்கே கத்துகிறதோ அங்கே 5 டெசிபல் குறையுங்கள், க்யூ 3. பிளேயர் ஒலிச் சாதனத்தைத் தனக்கே எடுத்துக்கொள்ளும் எக்ஸ்க்ளூசிவ் முறையில் ஓடினால் இந்த மென்பொருள் ஒதுக்கப்பட்டுவிடும். மாற்றம் ஒன்றும் கேட்கவில்லையே என்பவர்கள் முதலில் அதைப் பாருங்கள். கேம் கன்சோலில் இந்த மென்பொருள் ஓடாது, அங்கே இயல்பிலேயே பிடிக்கும் ஒலியுள்ள மாடலைத்தான் எடுக்க வேண்டும்.

வெல்வெட் மெத்தை ஒன்றரை, இரண்டு ஆண்டுகளில் அமுங்கும். ஹெட்போன் கெட்டுவிட்டது என்று நினைக்கும் பலருக்கு வேண்டியது புதிய மெத்தைதான். கழற்றக்கூடிய மெத்தையை மிதமான சோப்பு நீரில் அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். பேஸ் வரும்போது ஒரு பக்கம் மட்டும் ஸர்ரென்று அதிர்ந்தால், வலைக்குள் புகுந்த ஒரு முடி டயாஃப்ரத்தைத் தொடுகிறது என்பதே முதல் சந்தேகம். மெத்தையை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் சாமணத்தால் முடியை எடுங்கள். வாக்வம் கிளீனரும் அழுத்தக் காற்றும் வேண்டவே வேண்டாம், மெல்லிய படலம் கிழிந்துவிடும். உள்ளே காந்தம் இருப்பதால் இரும்புத் தூளையும் இழுக்கும். துளையிடும், அராவும் வேலை நடக்கும் மேசையில் திறந்து வைக்காதீர்கள்.

பழைய ஒன்றை வாங்குவதானால் கூடவே ஒரு போனை எடுத்துச் செல்லுங்கள். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் சுரத்தை மிதமான வால்யூமில் ஓட்டி அதிர்வு இருக்கிறதா பாருங்கள். மோனோ குரல் (இரு பக்கமும் ஒரே ஒலி) நடுநெற்றியில் நிற்கிறதா, பிறகு ஹெட்போனை இடம்வலம் மாற்றிப் போட்டால் சாய்வும் பக்கம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் கோளாறு ஹெட்போனில், வயரில் அல்லது போனில். மாறாவிட்டால் உங்கள் காதில். கடைசியாக, பாட்டு ஓடும்போதே வயரை இரு முனைகளிலும் மெல்ல அசையுங்கள். கழற்றும் வயரில் கரகரப்பு வந்தால் விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டால் போதும். நிலையான வயரில் வந்தால் சால்டரிங் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.