ஃப்ளைவே: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

எங்கள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் டேபிள், இண்டெக்ஸ் என்று எதைத் தொட்டாலும் அது ஃப்ளைவே வழியாகத்தான் போகும். டேட்டாபேஸ் மாற்றங்களை மைக்ரேஷன் என்னும் கோப்புகளாக எழுதி வைத்தால், வரிசையாக ஓட்டிக்கொடுக்கும் கருவி இது. பல வருடமாக இதுதான் வழக்கம். 2010-ல் ஆக்சல் ஃபோன்டெய்ன் தொடங்கியது, 2019 முதல் ரெட்கேட் நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இதன் பிடிவாதம். ஓடி முடிந்த ஒவ்வொரு மைக்ரேஷனின் செக்சமையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒரு டேபிளில் எழுதி வைத்துக்கொள்ளும். பிறகு யாராவது பழைய கோப்பில் ஒரு வரியை மாற்றினால், அடுத்த முறை ஓட மறுத்துவிடும். புதிதாகச் சேர்பவர்களுக்கு எரிச்சல் வரும். ரிப்பேர் கட்டளை கொடுத்துச் செக்சமைச் சரிக்கட்டிவிடலாமே என்பார்கள். வேண்டாம், திருத்தத்தைப் புதிய மைக்ரேஷனாகவே எழுதுங்கள். டெஸ்டிங்கிலும் புரொடக்ஷனிலும் ஒரே ஸ்கீமாதான் (டேபிள்களின் அமைப்பு) இருக்கிறது என்று நம்பித் தூங்க முடிவது அதனால்தான்.

ஆனால் லாக் விஷயத்தை, அதாவது ஒருவர் டேபிளைத் தொடும்போது மற்றவர்களை டேட்டாபேஸ் காத்திருக்க வைப்பதை, ஃப்ளைவே பார்த்துக்கொள்ளாது. டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் கட்டளை பெரும்பாலும் மிகக் கடுமையான லாக்கைக் கேட்கும். முன்னால் ஒரு நீண்ட ரிப்போர்ட் குவெரி ஓடிக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும், அதற்குப் பின்னால் அந்த டேபிளுக்கு வரும் எல்லாக் குவெரியும் காத்திருக்கும். நொடியில் முடியவேண்டிய மாற்றம் தளத்தையே நிறுத்திவிடும். அதனால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் லாக் டைம்அவுட் (லாக்குக்காகக் காத்திருக்கும் உச்ச நேரம்) சில நொடிகள் என்று வைக்கிறோம். அதற்குள் லாக் கிடைக்காவிட்டால் தோற்கட்டும், மறுபடி ஓட்டிக்கொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து நிலையான டிஃபால்ட் மதிப்போடு நெடுவரிசை சேர்த்தால் டேபிள் முழுவதும் திரும்ப எழுதப்படுவதில்லை. அது பெரிய நிம்மதி. டேபிளில் எழுதுவதைத் தடுக்காமல் உருவாக்கும் கன்கரன்ட் இண்டெக்ஸ்தான் இன்னும் கவனம் கேட்கிறது. அதை டிரான்ஸாக்ஷனுக்குள் (எல்லாம் சேர்ந்து நடக்கும், அல்லது எதுவும் நடக்காது என்ற தொகுப்பு) ஓட்ட முடியாது, தனிக் கோப்பு வேண்டும். போதாததற்கு, ஃப்ளைவே தன் லாக்குக்காகத் திறந்து வைத்திருக்கும் டிரான்ஸாக்ஷன் முடியட்டும் என்று இண்டெக்ஸ் காத்திருந்து, எதுவும் நகராமல் நிற்கும். ஃப்ளைவேயின் டிரான்ஸாக்ஷனல் லாக் அமைப்பை அணைத்தால் சரியாகிவிடும்.

நெடுவரிசையின் பெயர் மாற்றத்தை ஒரே அடியில் செய்வதில்லை. புதிய நெடுவரிசை, இரண்டிலும் எழுதும் கோட், பழைய தரவை நகர்த்துவது, கடைசியில்தான் பழையதை நீக்குவது. இடையில் எந்தப் பதிப்புக்குத் திரும்பினாலும் செயலி ஓடும்.

ஓடிய மைக்ரேஷனைப் பின்வாங்கும் வசதி ஃப்ளைவேயின் கட்டணப் பதிப்பில்தான் உண்டு. நான் அதைத் தேடியதே இல்லை. நீக்கிய நெடுவரிசையை அது திரும்ப உருவாக்கினாலும், உள்ளே இருந்த தரவு பேக்கப்பிலிருந்துதான் வரவேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் வேலை செய்பவர்களுக்கு ஒன்று. அங்கே ஆல்டர் தானாகவே கமிட் (நிரந்தரம்) ஆகிவிடும், கோப்பு பாதியில் தோற்றால் பாதி மாற்றம் அப்படியே தங்கும். ஒரு கோப்பில் ஒரே ஒரு மாற்றம் வையுங்கள்.