ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் எடிட்டரில் வன்னிக்காடு நட்ட கதை

ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற கணினிப் போர் விளையாட்டுக்கு விலை குறைந்திருக்கிறதாம். "சினாரியோ செய்யத்தான் மச்சான், வாங்கட்டோ?" என்று முல்லைத்தீவில் இருக்கிற கூட்டாளி கேட்டான். சினாரியோ என்றால் விளையாட்டின் எடிட்டரில் நாங்களே வரைபடம் போட்டுச் செய்கிற சண்டை. அவன் கேட்ட அன்றைக்குத்தான் என் லப்டொப் திருத்தி வந்தது. அதனால் என் பதில் கொஞ்சம் சூடாக இருக்கும்.

2019 நவம்பரில் வந்த பதிப்பு. நான் மூன்று வருடமாக வைத்திருக்கிறேன். விளையாடியதைவிட எடிட்டருக்குள் இருந்த நேரம்தான் அதிகம். செய்துகொண்டிருப்பது 1803ஆம் ஆண்டு வன்னியில் வெள்ளைக்காரனோடு நடந்த போர். ஓகஸ்ட் 25இல் வன்னித் தலைவன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தது ஒரு சினாரியோ, ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் வெள்ளைக்காரப் படையின் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் தோற்றது இன்னொன்று. ஏன் இவ்வளவு பழைய போர் என்று கேட்கிறார்கள். நாங்களே ஓடிய போரை நான் வரைபடத்தில் ஏற்றமாட்டேன். அம்மா வீட்டில் நிற்கும்போது விளையாட்டின் பீரங்கிச் சத்தத்தைக்கூட நிறுத்திவிடுவேன்.

என் கோபமெல்லாம் காட்டைப் பற்றியது. இந்த விளையாட்டில் காடு என்றால் மதில். எடிட்டரில் காட்டை வர்ணம் மாதிரிப் பூசலாம். பூசிய இடத்துக்குள் ஒரு ஆளும் நுழையமுடியாது. கோடரியால் வெட்டவேண்டும், இல்லாவிட்டால் பெரிய கல்லெறி பொறியைக் கொண்டுவந்து மரத்தை விழுத்தவேண்டும். ஒட்டுசுட்டானில் வளர்ந்தவன் இதை எப்படி ஏற்றுக்கொள்வது? பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காட்டுக்குள் விறகுக்கும் தேனுக்கும் போய்வருகிற ஒற்றையடிப் பாதைகள் எத்தனை! பண்டாரவன்னியனின் ஆட்களுக்குக் காடுதானே பலம். என் முதல் வரைபடத்தில் அவர்கள் வெள்ளைக்காரனைப் போலவே தெருவால் வரிசையாக வந்து செத்தார்கள். பார்க்கவே மனம் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்துத்தான் வழி பிடிபட்டது. காட்டைப் பூசக்கூடாது. சருகுத் தரையைப் போட்டுவிட்டு, அதன்மேல் மரங்களை ஒவ்வொன்றாகக் கையால் நடவேண்டும். ஒரு மரம் ஒரு கட்டத்தை அடைக்கும். இடையில் கட்டம் விட்டால் ஆள் போகும். பாலை மரம் எடிட்டரில் இல்லை, ஓக் மரத்தைத்தான் பாலை என்று நினைத்து நட்டேன். ஒட்டுசுட்டானுக்கும் கற்சிலைமடுவுக்கும் இடையில் இரவிரவாக நட்டு முடித்து, சோதித்துப் பார்த்தேன். அணிவகுத்து வந்த துப்பாக்கிக்காரர் மரங்களுக்குள் புகுந்ததும் அணி கலைந்துபோனது. இரண்டு பேர் ஒரு மரத்துக்கு இடப்பக்கம், நாலு பேர் வலப்பக்கம். பின்னால் வந்தவன் வழி அடைபட்டு நின்று, திரும்பி, சுற்றிக்கொண்டு போனான். அதற்குள் வன்னியனின் வில்லுக்காரர் அம்பெய்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்கள். இதற்கென்று நான் ஒரு ட்ரிகரும் (இது நடந்தால் அது நடக்கட்டும் என்று எடிட்டரில் போடும் கட்டளை) எழுதவில்லை. அன்றைக்கு எனக்கு நித்திரையே வரவில்லை.

ட்ரிகர்கள் நன்றாகவே வேலை செய்யும். டைமரில்தான் கவனம் வேண்டும். ஒக்டோபர் சண்டைக்கு யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கத்தாலும் வெள்ளைக்காரனின் படை கிளம்பியது, மூன்றையும் வேறு வேறு நேரத்தில் இறக்கவேண்டும். டைமரில் 60 என்று போட்டால் அது விளையாட்டின் விநாடி. சாதாரண வேகமே 1.7 மடங்கு, மணிக்கூட்டில் பார்த்தால் 35 விநாடிதான். இது விளங்காமல் ஒரு கிழமை வீணாகப் போனது.

கோட்டைச் சண்டையைச் சோதித்தவன் அண்ணாவின் மகன், 13 வயது. வெள்ளைக்காரன் பக்கத்தைக் கொடுத்தேன். வாசலைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்துவிட்டான். "சித்தப்பா, நான் ஏன் வெளியால வரவேணும்? உள்ளுக்கு இருந்தாலே வெல்லலாம்தானே." இரண்டு மாதம் நான் மட்டும் விளையாடிப் பார்த்ததில் இது கண்ணில் படவேயில்லை. டிறிபேர்க்கின் ஆட்கள் உண்மையில் கோட்டையை விட்டு வள்ளத்தில் யாழ்ப்பாணம் போனவர்கள். அதையே வெற்றி நிபந்தனையாக்கினேன்: எட்டாவது நிமிடம் வாசல் உடையும், அதற்குள் ஆட்களைக் கடற்கரைக்குக் கொண்டுசேர்த்தால் வெற்றி. இப்போது பெடியன் நந்திக்கடல் களப்புப் பக்கம் பார்க்காமல் நேரே கடலுக்கு ஓடுகிறான். சினாரியோ செய்கிறவர்கள் கட்டாயம் இன்னொருவரிடம் கொடுத்து விளையாடச் சொல்லுங்கள்.

சரி, லப்டொப். விசிறிக்குள் செம்மண் தூசி அடைத்து, கடைசியில் விண்டோஸையே திரும்பப் போடவேண்டி வந்தது. "டி டிரைவைத் தொடவேயில்லை அண்ணை" என்றார் திருத்தியவர். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சினாரியோ கோப்புகள், விளையாட்டை எங்கே பதிந்திருந்தாலும், சி டிரைவில் பயனர் பெயருக்குக் கீழே இருக்கிற கேம்ஸ் கோப்புறைக்குள்தான் கிடக்கும். எல்லாம் போய்விட்டது. பெடியனுக்குப் பென்டிரைவில் கொடுத்த பழைய பிரதி ஒன்றுதான் மிச்சம். அதில் கற்சிலைமடுப் பக்கம் வெறும் சருகுத் தரை.

கூட்டாளிக்கு "வாங்காதை" என்று சொல்லிவிட்டேன். மரம் நடப் பொறுமை இல்லையென்றால் இந்த எடிட்டரில் எங்கள் ஊர் வராது. பொறுமை இருந்தாலும் ஒரு நாளில் பறிபோகும். நேற்று இரவு இருபது ஓக் நட்டேன். இந்த முறை ஒவ்வொரு இரவும் பென்டிரைவுக்கு ஒரு பிரதி போகிறது.