மார்மோசெட் குரங்கின் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை: ஓர் ஆய்வகச் சேவை பற்றிய மதிப்பீடு

எங்கள் பராமரிப்பில் இருந்த மார்மோசெட் குரங்கு ஒன்று எடை குறைந்து, ஈறுகள் வெளிறி, மண்ணீரல் கைக்குத் தட்டுப்படும் அளவுக்கு வீங்கிய நிலையில், அதன் மாதிரிகளை விலங்கு நோயியல் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். குடல் அழற்சியோடு வரும் மெலிவு நோய் இந்த இனத்தில் பரவலாகக் காணப்படுவதால், ரத்தசோகை என்றதுமே குடலின் மீது பழி போட்டுவிடுவது வழக்கம். இந்த ஆய்வகம் அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்கவில்லை.

மேற்கை எலும்பின் தலைப்பகுதியில் ஊசி செலுத்தி உறிஞ்சியபோது வெறும் ரத்தம்தான் வந்தது. மஜ்ஜை செல்கள் அற்றுப்போயிருந்தாலும், நார்த்திசு அவற்றை இறுகப் பிணைத்திருந்தாலும் இப்படி நேரலாம் என்பதால், ஆய்வகத்தின் நோயியல் மருத்துவர் முடிவு எழுத மறுத்து, எலும்போடு சேர்ந்த திசுத்துண்டைக் கேட்டார். வெள்ளிச் சாயமிட்ட அந்தத் துண்டில் நார்த்திசுவின் நுண்ணிழைகளான ரெட்டிகுலின் இழைகள் கரும்பின்னலாக அடர்ந்திருந்தன. கண்ணாடித் தகட்டில் மெல்லியதாகப் பரப்பிய ரத்தப் பூச்சிலோ கண்ணீர்த்துளி வடிவச் சிவப்பணுக்கள் தென்பட்டன. மஜ்ஜையில் இடமிழந்த ரத்த உற்பத்தியை மண்ணீரல் ஏற்றுக்கொண்டதே அதன் வீக்கத்துக்குக் காரணம் என்று இரண்டையும் இணைத்து விளக்கிய பத்திக்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. இயல்பு நிலையைக் குறிக்க அறிக்கையில் தரப்படும் ஒப்பீட்டு அளவுகள், உடல் பெரிதான ஆசியக் குரங்கான ரீசஸுக்கு உரியவை. ஏறத்தாழ 350 கிராம் எடையுள்ள தென் அமெரிக்கக் குரங்குக்கு அவற்றை அப்படியே பொருத்துவது ஏற்கத்தக்கதல்ல. கூடுதலாக வழங்கப்படும் மரபணுப் பரிசோதனையின் விளக்கக் குறிப்பும் போதாது. மார்மோசெட்டுகள் பெரும்பாலும் இரட்டையராகவே பிறக்கின்றன. கருவிலேயே நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்கள் இணைந்து ரத்த அணுக்களை உருவாக்கும் தண்டணுக்கள் பரிமாறப்படுவதால், ஒன்றின் மஜ்ஜையில் உடன்பிறந்ததன் செல்களும் வாழ்நாள் முழுதும் கலந்திருக்கும். இதை அறியாமல் ரத்தத்தின் டிஎன்ஏவை மட்டும் நம்பினால், மரபணு மாற்றம் எந்தக் குரங்குடையது என்றே சொல்ல முடியாது.

ஆய்வகம் அனுப்பும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கொண்ட குழாய்கள் பெரியவை என்பதையும் கவனிக்க வேண்டும். இக்குரங்கிலிருந்து எடுக்கக்கூடிய சிறிதளவு ரத்தத்தை அவற்றில் விட்டால், மிகையான ஈடிடிஏ சிவப்பணுக்களைச் சுருக்கி, ரத்தசோகையை உள்ளதைவிடக் கடுமையாகக் காட்டும். ஆகவே நுண்குழாய்களை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.