மழைக்காலத்தில் தளம் போடப் போகிறவர்களுக்கு: விழுப்புரத்தில் எங்களுக்கு நேர்ந்தது

விழுப்புரம் அருகே 850 சதுர அடியில் நாங்கள் கட்டிய வீட்டின் மேல்தளத்தை, அதாவது கான்கிரீட் கூரையை, இடிக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஃபெஞ்சல் புயலால் வந்த இழப்பு என்றே நினைக்கிறார்கள். அது உண்மையில்லை என்பதாலும், அடுத்த பருவமழைக்கு முன் தளம் போட நினைப்பவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதாலும் எழுதுகிறேன். விவகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தின் முன் இருப்பதால் ஒப்பந்தக்காரரின் பெயரைத் தவிர்க்கிறேன்.

2024 ஜூன் மாதம், பொருளும் கூலியும் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தம் போட்டோம். செப்டம்பர் இறுதிக்குள் தளம் போட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் வந்துவிடும் என்பது எங்கள் பக்கத்தில் செங்கல் எடுத்து வைக்கும் சித்தாளுக்கும் தெரியும். அந்த ஆண்டு அக்டோபர் 15 அன்று தொடங்கியது. ஆகஸ்டிலேயே லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) வரை சுவர் எழும்பிவிட்ட நிலையில், பெரும்பாலும் வெயில் அடித்த செப்டம்பர் முழுவதும் அவர் தம் ஆட்களை வேறொரு வேலைக்கு அழைத்துப் போய்விட்டார். கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம் சார்" என்றவர், மழை தொடங்கியதும் "மழை நம்ம கையிலயா சார் இருக்கு?" என்று பேச்சை மாற்றிக்கொண்டார். என் அப்பா தினமும் ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். மழை தொடங்கியதிலிருந்து நவம்பர் 28 வரையிலான 45 நாட்களில், மழையால் வேலையே செய்ய முடியாமல் போனவை 12 நாட்கள்தான். மற்ற நாட்களில் ஆட்கள் வராமல் போனதற்கு மழை காரணமில்லை.

இதற்கிடையில் சிமெண்ட் மூட்டைகளைத் தரையில், சுவரை ஒட்டி அடுக்கிவிட்டுப் போயிருந்தார். தரையிலிருந்து உயர்த்திய பலகை மீது, சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கியிருந்தால் அவை பிழைத்திருக்கும். கட்டி தட்டிப்போன 60 மூட்டைகளுக்கு 24,000 ரூபாய் "மழை நஷ்டம்" என்று எங்களிடமே பில் கொடுத்தார். ஓரக் கட்டிகளை உடைத்து, சல்லடையில் சலித்து, அதே சிமெண்டைக் கலவையில் சேர்த்ததையும் பிறகு அறிந்தோம்.

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வலுப்பெறுவதாக வானிலை ஆய்வு மையம் அந்த வாரம் முழுவதும் எச்சரித்துக்கொண்டிருந்தபோது, திடீரென்று நவம்பர் 29 அன்று தளம் போட்டே ஆக வேண்டும் என்றார். அவசரத்தின் காரணம் அப்போது எங்களுக்குப் புரியவில்லை: தளம் போட்டதும் 4 லட்சம் ரூபாய் தவணை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. காலை பத்து மணிக்குக் கலவை இயந்திரம் ஓடத் தொடங்கியது. எம் சாண்ட் (பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணல்) ஏற்கெனவே நனைந்து ஈரமாக இருந்ததால் சேர்க்கும் தண்ணீரைக் குறைத்திருக்க வேண்டும். எங்கள் தளத்துக்கான எம்20 கலவைக்கு (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் வலிமை தர வேண்டிய கான்கிரீட்) ஒரு மூட்டை சிமெண்டுக்கு 30 லிட்டருக்கு மேல் கூடாது, அதில் மணலின் ஈரமும் அடக்கம். அவர்கள் ஹோஸ் குழாயை அப்படியே உள்ளே விட்டார்கள். மூன்று மணிக்கு மழை பிடித்தபோது பாதித் தளம்தான் முடிந்திருந்தது. மூடுவதற்கு ஒரு தார்ப்பாய்கூட இல்லை. ஈரக் கான்கிரீட்டைத் தாங்கும் சென்ட்ரிங் தகடுகளின் இடுக்கு வழியாகச் சிமெண்ட் பால் கீழே கோடுகோடாக வழிந்து, தரையில் சாம்பல் நிறக் குட்டையாகத் தேங்கியதை நான் நின்று பார்த்தேன். மேலே ஏறிப் பார்த்தபோது ஜல்லி பல் காட்டிக்கொண்டிருந்தது. மேஸ்திரி அதன் மேல் உலர்ந்த சிமெண்டைத் தூவி, மட்டப்பலகையால் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். பார்வைக்கு வேலை நன்றாக இருந்தது. அன்று இரவே நான் பணத்தை அனுப்பினேன். அந்த ஓர் இரவு நான் பொறுத்திருந்தால் இந்தப் பதிவுக்கே தேவை வந்திருக்காது.

மறுநாள் இரவு புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்தின் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. அதன் பிறகு அவருக்கு எல்லாக் கேள்விக்கும் புயல் ஒன்றே பதிலாகிவிட்டது. பதினாறு அடி அகலமுள்ள கூடத்தில் தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளை ஒன்பதாம் நாளே பிரித்துப் போனார்; நாலரை மீட்டருக்கு மேற்பட்ட தளத்துக்குக் குறைந்தது 14 நாட்களாவது முட்டு நிற்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி.

ஜனவரியில் கூடத்தின் நடுவே விரிசலும் கசிவும் தெரிந்தன. தளம் போட்ட அன்று வலிமையைச் சோதிப்பதற்கான கான்கிரீட் கட்டைகள் எதுவும் வார்க்காததால், வேறொரு பொறியாளரைக் கொண்டு மூன்று இடங்களில் துளையிட்டு மாதிரி எடுத்தோம். வலிமை சதுர மில்லிமீட்டருக்குச் சராசரியாகக் குறைந்தது 17 நியூட்டன் வர வேண்டிய இடத்தில் 12.6 தான் வந்தது. அறிக்கையைக் காட்டியபோது அவர் ஒப்பந்தத்தின் ஒரு வரியைச் சுட்டிக்காட்டினார்: "இயற்கைச் சீற்றத்தால் ஏற்படும் தாமதத்துக்கும் சேதத்துக்கும் ஒப்பந்தக்காரர் பொறுப்பல்ல." நாங்கள் படிக்காமல் கையெழுத்திட்ட வரி அது. ஆண்டுதோறும் வரும் பருவமழையை இயற்கைச் சீற்றம் என்று எவரும் எழுதிக்கொள்ள விடாதீர்கள். மழையால் வேலை நின்ற நாட்களை இருவரும் அன்றன்றே கையெழுத்திட்டுக் குறிக்க வேண்டும் என்றும், தளத்துக்கான தவணையில் பெரும்பகுதி சோதனைக் கட்டைகளின் 28 நாள் வலிமைச் சோதனை முடிவு வந்த பிறகே தரப்படும் என்றும், தார்ப்பாய் வேலை நடக்கும் இடத்தில் இருந்தால்தான் கலவை இயந்திரம் ஓடும் என்றும் எழுதி வாங்குங்கள்.

வீடு கட்டித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒரு சேவை. இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். அப்பாவின் நோட்டும், நான் எடுத்த புகைப்படங்களும், துளை மாதிரி அறிக்கையும் இப்போது ஆணையத்தில் இருக்கின்றன. சாட்சியம் அழிந்துவிடக் கூடாது என்பதால் தளத்தை இப்போது இடிக்க வேண்டாம் என்று வழக்கறிஞர் கூறியிருக்கிறார். கூடத்தில் மறுபடியும் முட்டுகளை நிறுத்திவிட்டு, வாடகை வீட்டிலேயே இருக்கிறோம்.