ரீசெட்டில் பதிவகங்கள்: துடைத்து எழுதுவதா, நகலெடுத்து மீட்பதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வார இறுதியில் கூடும் எங்கள் கணினி வட்டத்தில் மூன்று அணிகள், லினக்ஸுக்குள்ளேயே இருக்கும் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மை நம்பி, தனித்தனியே சிறிய மெய்நிகர் இயந்திரங்களை எழுதி வருகின்றன. செம்பனைத் தோட்டத்திலிருந்து வரும் தம்பி ஒருவன், "முதல் தடவை லினக்ஸ் ஏறிவிடுகிறது அண்ணே, ரீபூட் கொடுத்தால்தான் செத்துவிடுகிறது" என்றான்.

முதல் தடவை ஏறியதில் அவனுக்குப் பங்கில்லை. செயலியை உருவாக்கும்போதே கேவிஎம் அதன் பதிவகங்களை (செயலிக்குள் இருக்கும் சிறு நினைவிடங்களை) சரியான மதிப்புகளால் நிரப்பித் தந்துவிடுகிறது. இரண்டாம் தடவை, அதாவது ரீபூட் கேட்டு செயலியை ரீசெட் செய்யும்போது, அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

அவனுடைய அணி பதிவகங்களை ஒவ்வொன்றாகத் திருத்தியது. கட்டளைச் சுட்டி, பொதுப் பதிவகங்கள் எல்லாம் சரி. செயலி இயங்கும் முறையைக் கட்டுப்படுத்தும் சிஆர்0 பதிவகம் மட்டும் விட்டுப்போனது. முகவரிகளைப் பக்க அட்டவணை பார்த்து மாற்றச் சொல்லும், லினக்ஸ் ஏற்றிவைத்த பக்கமுறை பிட் அதில் அப்படியே நின்றது. ரீசெட்டுக்குப் பின் செயலி தேடும் முதல் ஆணை, 4 ஜிபி எல்லைக்கு 16 பைட் கீழே இருக்கிறது. பழைய பக்க அட்டவணையில் அந்த முகவரிக்கு வழியில்லை. ஒரு பிழை, அதைக் கையாளப் போய் இன்னொரு பிழை, மூன்றாவதில் மறுபடி ரீசெட். பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் வெள்ளையடித்த சுவர்தான் இந்த முறை. நாளை புதிதாக ஒரு பதிவகம் சேர்ந்தால் அதையும் யாரோ மறப்பார்கள்.

இரண்டாவது அணி எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்கிவிட்டு, பூஜ்ஜியம் அல்லாதவற்றை மட்டும் எழுதுகிறது. மெய்நிகர் இயந்திர மென்பொருளான கியூஎமுவும் இதைத்தான் செய்கிறது: செயலியின் நிலையை வைத்திருக்கும் தரவுக் கட்டமைப்பில் ஓர் எல்லைக்கோடு, அதற்கு மேலே உள்ளவை துடைக்கப்படும், கீழே உள்ள அமைப்பு விவரங்கள் தங்கும். என் ஓட்டு இதற்கே. ஆனால் பூஜ்ஜியம் என்றால் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. கொடிப் பதிவகத்தின் மதிப்பு 2. அந்த பிட் இல்லையென்றால் இன்டெல் செயலியின் நுழைவுச் சோதனையே விருந்தினரை (மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் அமைப்பை) மறுத்துவிடும். சிஆர்0இல் மூன்று பிட்டுகள் நிற்க வேண்டும். மிதவைப் புள்ளிக் கணக்குகளைக் கட்டுப்படுத்தும் எம்எக்ஸ்சிஎஸ்ஆர் பதிவகம் 8064 ஆக இருக்க வேண்டும்: ஆறு வகை மிதவைப் பிழைகளையும் மூடி வைக்கும் எண் அது. அங்கே பூஜ்ஜியம் இருந்தால், எஸ்எஸ்இ வகைக் கணக்கு ஆணையில் 1ஐ 3ஆல் வகுப்பதுகூட விதிவிலக்கைக் கிளப்பிவிடும்.

மூன்றாவது அணி பிறந்த நிலையை நகலெடுத்து வைத்து மீட்கிறது. பார்க்க அழகு. ஆனால் கேவிஎம்மில் பொது, சிறப்பு, மிதவைப் பதிவகங்கள், எம்எஸ்ஆர்கள் (செயலி வகைக்கே உரிய பதிவகங்கள்), குறுக்கீடுகளைக் கையாளும் உள்ளூர் ஏபிக், காத்திருக்கும் குறுக்கீடுகள் என ஒவ்வொன்றுக்கும் தனி அழைப்பு. ஒன்றை நகலெடுக்க மறந்தால் முதல் அணியின் நோய் திரும்பி வருகிறது.

இயந்திரத்தையே கலைத்துவிடலாம் என்றும் ஒரு பேச்சு எழுந்தது. ஃபயர்கிராக்கர் என்ற சிறிய மெய்நிகர் இயந்திர மென்பொருளில் விருந்தினர் ரீபூட் கேட்டால் அந்தச் செயல்முறையே முடிந்துவிடும். நேர்மையான வழி. கேவிஎம்மில் ஒரு செயலியை மட்டும் அழித்து மறுபடி பிறப்பிக்க முடியாது. முழு இயந்திரத்தையும் புதிதாகக் கட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் இனிட் சமிக்ஞையை ரீசெட்டோடு குழப்பக் கூடாது. மற்றச் செயலிகளை எழுப்ப லினக்ஸ் அனுப்பும் இனிட், மிதவைப் பதிவகங்களையும் பெரும்பாலான எம்எஸ்ஆர்களையும் தொடாது. அதனால் துடைக்கும் செயற்கூற்றுக்கு, வந்தது எது என்று சொல்லும் அளவுரு ஒன்று வேண்டும். கேவிஎம்மின் சொந்தச் செயற்கூறும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

மூன்று அணிகளுக்கும் ஒரே சோதனையை எழுதச் சொல்லியிருக்கிறேன்: ரீசெட்டுக்கு முன் எழுதக்கூடிய பதிவகங்களையெல்லாம் குப்பை மதிப்பால் நிரப்புங்கள், பிறகு இன்டெல் கையேட்டின் ரீசெட் அட்டவணையோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.