ஆத்தங்குடிக் கல் கணக்கில் போஸ்ட்கிரெஸ்: ஒரு மதிப்புரை

காரைக்குடிக்கு அருகே ஆத்தங்குடிக் கல் எனும் தரை ஓடு செய்யும் பட்டறை ஒன்றின் இருப்புக் கணக்கை நான் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். கண்ணாடியின் மேல் வார்த்து, நீரில் ஊறவைத்து, உலர்த்தி எடுக்கும் கற்கள் நிலை மாறும்போதெல்லாம் பல அட்டவணைகளைத் திருத்த வேண்டியிருப்பதால், அவ்வேலையை ஸ்டோர்டு புரொசீஜர்களாக, அதாவது தரவுத்தளத்திலேயே சேமித்துவைத்துப் பெயர் சொல்லி அழைக்கும் கட்டளைத் தொகுப்புகளாக, எழுதினேன்.

புரொசீஜரை உருவாக்கும் 'கிரியேட் புரொசீஜர்' கட்டளை 2018-இல் வெளியான போஸ்ட்கிரெஸின் 11-ஆம் பதிப்பில்தான் வந்தது; அதுவரை ஃபங்ஷன்கள் எனும், விடையைத் திருப்பித் தரும் அதுபோன்ற தொகுப்புகளைக் கொண்டே சமாளித்தார்கள். 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' (உருவாக்கு அல்லது மாற்று) என்று எழுதினால், பழைய புரொசீஜரை நீக்காமலே, அதற்குக் கொடுத்திருந்த அனுமதிகளும் கலையாமல், உள்ளடக்கம் மட்டும் மாறுகிறது. மைஎஸ்கியூஎல் என்ற மற்றொரு தரவுத்தளத்தில் இவ்வசதி இல்லை. நீக்கிவிட்டுத்தான் மறுபடி உருவாக்க வேண்டும். அதைவிட நான் மெச்சுவது, போஸ்ட்கிரெஸில் நீக்கும் கட்டளையையும், பல மாற்றங்களை ஒன்றாகக் கொள்ளும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுத்து, தவறென்று கண்டால் 'ரோல்பேக்' செய்து, அதாவது அம்மாற்றங்களைக் கைவிட்டு, மீட்டுவிடலாம் என்பதே.

ஆனால் ஒரு சிக்கலில் நானே போய் மாட்டிக்கொண்டேன். விற்பனைப் புரொசீஜரில் 'நிறம்' என்ற உள்ளீட்டைக் கூடுதலாகச் சேர்த்தபோது, பழையது மாறவில்லை; உள்ளீடுகள் வேறானால் வேறு புரொசீஜராகவே கொள்ளப்படுவதால், அதே பெயரில் இரண்டாவது ஒன்று பிறந்தது. விற்பனைப் பட்டியல் (பில்) போடும் திரை பழையதையே அழைத்துக்கொண்டிருந்ததை இருப்பு எண்ணும்போதுதான் கவனித்தேன். பெயரை மட்டும் சொல்லி நீக்க முயன்றால், எதை என்று தெரியாமல் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும். உள்ளீடுகளின் வகைகளையும் சேர்த்து எழுத வேண்டும். நீக்கும் கட்டளையில் 'இஃப் எக்ஸிஸ்ட்ஸ்' (இருந்தால் மட்டும்) சேர்ப்பவர்கள் எழுத்துப்பிழைக்கு அஞ்ச வேண்டும், ஏனெனில் அப்போது பிழை எழாது, ஓர் அறிவிப்பு மட்டுமே வரும்.