மயில்தோகைக்கு எந்த வாள்?

சாமியறைக் கதவுக்கு மேலே வைக்க மயில் போட்ட பலகை ஒன்றை நானே வெட்டலாம் என்று இறங்கினேன். பழைய வீடுகளில் நிலைக்கு மேலே காற்றுப் போக வெட்டி வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. மரம் 12 மில்லிமீட்டர் மஹோகனி. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் விசயத்தைச் சொன்னதும், "தம்பி, இது எல்லாத்தையும் வெட்டும்" என்று ஜிக்சோ என்ற, கையில் பிடித்து மரம் அரிகிற கறண்ட் வாள் ஒன்றைத் தூக்கி மேசையில் வைத்தார்கள். கையில் இருந்த படத்தைக் காட்டாமலே வாங்கிக்கொண்டு வந்தேன், அது என் பிழை.

ஜிக்சோ கூடாத சாமான் இல்லை. மயிலின் முதுகு மாதிரி அகன்ற வளைவை ஐந்து நிமிடத்தில் வெட்டித் தந்துவிட்டது. தோகைக்குள் போனதும்தான் வில்லங்கம். பிளேட் அகலம், சின்ன வட்டத்தில் திரும்பாது. வலிந்து திருப்பினால் நுனி வளைந்து, மேலே கோட்டில் ஓடுகிற வெட்டு கீழே வேறு இடத்தில் வந்து நிற்கிறது. சாதாரண பிளேட் மேலே ஏறும்போது வெட்டுவதால் நாம் பார்க்கிற பக்கத்தில்தான் சிம்பு கிளம்பும், அதனால் படத்தை இடம்வலம் மாற்றிப் பலகையின் பின்பக்கத்தில் கீற வேண்டும். போஷ் டி 101 ஏஓ என்ற ஒடுங்கிய பிளேட் போட்ட பிறகு பரவாயில்லை, ஆனாலும் மயிலின் கண் பிய்ந்தேவிட்டது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஓடாவியார் (தச்சர்) பார்த்துவிட்டு, "ஏன் தம்பி இந்த மெசினோட மாரடிக்கிறாய்" என்று தன் கோப்பிங் சோ என்ற கைவாளைத் தந்தார். வில் மாதிரிச் சட்டம், ஆறரை அங்குல பிளேட், அங்குலத்துக்கு 15 பல் அளவில். பிடியைத் தளர்த்தினால் பிளேட்டை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். உள்ளே வெட்ட வேண்டிய இடத்தில் ட்ரில்லால் துளை போட்டு, பிளேட்டைக் கழற்றி அதற்குள்ளால் விட்டு, திரும்ப மாட்டி வெட்ட வேண்டும். பல் பிடியைப் பார்த்து இருக்கட்டும், இழுக்கும்போதுதான் வெட்ட வேண்டும். நான் மறுபக்கம் மாட்டி முதல் நாளே மூன்று பிளேட்டை முறித்தேன். குறை ஒன்றுதான்: சட்டத்தின் ஆழம் 5 அங்குலம் அளவுதான், பெரிய பலகையின் நடுவுக்கு எட்டாது.

அதற்குத்தான் ஃப்ரெட் சோ. ஆழமான சட்டம், நூல் மாதிரி பிளேட். மேசை விளிம்பில் 'வி' வடிவில் வெட்டிய பலகைத் துண்டை இறுக்கி, அதன்மேல் மரத்தை வைத்து, வாளை நிமிர்த்திப் பிடித்து மேலும் கீழுமாக அரிய வேண்டும், பல் கீழே பார்க்க வேண்டும். 3 மில்லிமீட்டர் பிளைவூட்டில் அழகோ அழகு. 12 மில்லிமீட்டர் மஹோகனியில் தோள் கழன்றுபோகும். பனஞ்சிலாகைத் துண்டு ஒன்றிலும் முயன்றேன், அந்தக் கறுப்பு நார் பல்லைத் தின்றுவிட்டது.

கடைசியாக நண்பன் ஒருவனின் பட்டறையில் 16 அங்குல ஸ்க்ரோல் சோ, மேசையில் வைத்து ஓட்டுகிற கறண்ட் வாள். பிளேட் நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆட, இரண்டு கையாலும் மரத்தைத் திருப்பலாம், வெட்டும் செங்குத்தாக வருகிறது. தோகை முழுவதும் ஒரு பின்னேரத்தில் முடிந்தது. வாங்குவதாக இருந்தால் நுனியில் குறுக்கு ஊசி இல்லாத பிளேட்டும் மாட்டக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள், ஊசி வைத்த பிளேட் சின்னத் துளைக்குள் போகாது. விலைதான் கையைக் கடிக்கும், கறண்ட் போனால் சும்மா இருக்க வேண்டும்.

மாதம் ஒரு படம் வெட்டுகிறவர் கோப்பிங் சோவும் ஒரு கட்டு நல்ல பிளேட்டும் வாங்கினால் போதும். விற்கிற எண்ணம் இருந்தால் ஸ்க்ரோல் சோ. என் ஜிக்சோ இப்போது அலுமாரித் தட்டு வெட்டுகிறது, அதற்கு நல்ல மெசின். பிய்ந்த கண்ணுக்கு ஒரு பித்தளைக் குமிழ் அடித்து மறைத்தாயிற்று, கேட்கிறவர்களிடம் டிசைனே அதுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.